கோயில்ல வரியைப் பத்திப் பேசலாமா? பேசணும்!

ஓம் நமசிவாய 🙏

இது கொஞ்சம் நீளமான பதிவு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து முழுசாப் படிங்க. படிச்சு முடிச்சதும் வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க, ஏன்னா வீடு அவங்க பேர்லதான் இருக்கு.

கொஞ்ச நாளா அன்னதானப் பந்தியில ஒரே பேச்சு. "மஜ்லிஸ்ல இருந்து கடிதம் வந்திருக்கு, வீட்டு வரியை ஏத்திட்டானுங்க." ஒருத்தர் ஆரம்பிச்சா பத்துப் பேர் சேர்ந்துக்கிறாங்க. சாம்பார் ஆறுற வரைக்கும் திட்டுறாங்க. அப்புறம் கை கழுவிட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க. அந்தக் கடிதம் மட்டும் சாமி மேடைக்குப் பக்கத்துல, பழைய பஞ்சாங்கத்துக்கு அடியில, பிரிக்காமக் கிடக்கு.

சரி, இதுக்கு மண்டபத்துல ஒரு விளக்கக் கூட்டம் வைக்கலாமேன்னு கேட்டா வர்ற பதில் என்ன தெரியுமா? "இது சாமி கும்பிடுற இடம். வரி கிரியெல்லாம் வெளிய பேசிக்கங்க."

இந்தப் பதிவு அந்தப் பதிலுக்குத்தான்.

வெளியன்னா எங்கங்க? நம்ம பெரியவங்க வாரம் தவறாம வந்து கூடுற இடம் இது ஒண்ணுதான். தோட்டத்தை விட்டு வெளியேறி, 25,000 வெள்ளிக்கு ஒரு மலிவு விலை வீட்டை வாங்கி, இருபது இருபத்தஞ்சு வருஷம் கடன் கட்டி முடிச்சவங்க. அவங்க வாழ்நாள் உழைப்பு மொத்தமும் அந்த ஒரு வீடுதான். அந்த வீட்டுக்கு வர்ற கடிதத்தைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் இல்லேன்னா, கோயில்னு ஒண்ணு எதுக்கு? சாமி முன்னாடி நின்னு "வீடு வாசல் நல்லா இருக்கணும்"னு அர்ச்சனை பண்றோம். அந்த வீடு வாசல்ல வந்து விழுற கடிதம் மட்டும் அரசியலா?

முதல்ல எது எதுன்னு தெளிவாப் பேசுவோம். பாதிச் சண்டை ரெண்டு வரியையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் வருது. (நான் சொல்றது தீபகற்ப மலேசியாவுக்கு. சபா, சரவாக்கில் சட்டமே வேற.)

🔸 வீட்டு வரி. சுக்காய் பிந்து, சுக்காய் தக்சிரான்னு கடிதத்துல இருக்கும். நம்ம பத்திரிகைகள்ல மதிப்பீட்டு வரின்னு போடுவாங்க. இது ஊராட்சி மன்றத்துக்கு, அதாவது மஜ்லிசுக்குப் போற காசு. குப்பை, கால்வாய், தெருவிளக்கு, தாமான் விளையாட்டு மைதானம் எல்லாம் இதுல இருந்துதான். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் வருது. வருஷத்துக்கு ரெண்டு தவணை: முதல் பாதி பிப்ரவரி முடியறதுக்குள்ள, ரெண்டாவது பாதி ஆகஸ்ட் 31-க்குள்ள.

🔸 நில வரி. சுக்காய் தானா. இது மஜ்லிசுக்கு இல்ல, மாநில அரசாங்கத்துக்கு. நில அலுவலகம் வசூல் பண்ணுது. வருஷத்துக்கு ஒரே தடவை, மே 31-க்குள்ள. அடுக்குமாடியில இருக்கிறவங்களுக்கு, தனித்தனி ஸ்ட்ராட்டா கிராண்ட் வந்துட்டா, அதுக்குப் பேரு சுக்காய் பெத்தாக். சிலாங்கூர்ல 2018-லயும் கோலாலம்பூர்ல 2020-லயும் அது நடைமுறைக்கு வந்துச்சு.

தேதி மறந்து போகுதா? கோயில் நாள்காட்டியிலேயே வெச்சுக்குங்க. தைப்பூசத்தை ஒட்டி முதல் தவணை வீட்டு வரி. சித்ரா பௌர்ணமி முடிஞ்சதும் நில வரி. ஆடித் திருவிழா முடிஞ்சதும் ரெண்டாவது தவணை வீட்டு வரி. அவ்வளவுதான்.

இப்போ வீட்டு வரி எப்படிப் போடுறாங்க? மந்திரம் ஒண்ணும் இல்ல. உங்க வீட்டை வாடகைக்கு விட்டா ஒரு வருஷத்துக்கு எவ்வளவு நியாயமா வரும்னு மஜ்லிஸ் ஒரு கணக்குப் போடுது. நீங்க வாடகைக்கு விடலேன்னாலும், சொந்தமாக் குடியிருந்தாலும் அதே கணக்குதான். அதுக்குப் பேரு நிலாய் தஹுனான், ஆண்டு மதிப்பு. அந்த மதிப்பை ஒரு விழுக்காட்டால பெருக்கினா வரி. (ஜோகூர்ல மட்டும் வாடகையைப் பார்க்காம சொத்தோட விலையை வெச்சுப் போடுறாங்க.) ஆண்டு மதிப்புல 35 விழுக்காட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. நிஜத்துல வீடுகளுக்கு அதைவிட ரொம்பக் குறைச்சல்தான் வாங்குறாங்க.

ஒரு கணக்குப் பார்ப்போம். உங்க வரிசையில வீட்டு வாடகை மாசம் 1,000 வெள்ளின்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 12,000. விகிதம் 4 விழுக்காடுன்னா வரி 480 வெள்ளி, தவணைக்கு 240. ஆனா மஜ்லிஸ் உங்க வீட்டுக்கு மாசம் 1,300 வரும்னு மதிப்புப் போட்டிருந்தா? வருஷத்துக்கு 15,600. வரி 624. வித்தியாசம் 144 வெள்ளி.

"144 வெள்ளி என்னங்க, ஒரு நாள் உபயத்துக்குப் பத்தாது" அப்படின்னு சொல்றவங்க இருப்பாங்க. இருங்க. மதிப்பீட்டுப் பட்டியலை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாப் போடணும்னு சட்டம் சொல்லுது, மாநில அரசு அதை நீட்டிக்கலாம். நீட்டிக்கிறாங்க, நல்லாவே நீட்டிக்கிறாங்க. கோலாலம்பூர்ல 1992-க்கு அப்புறம் புது மதிப்பு வந்தது 2014-லதான். அப்படின்னா ஒரு தடவை தப்பாப் போட்ட மதிப்பு இருபது வருஷம் உங்க தலை மேல உட்கார்ந்திருக்கலாம். 144-ஐ இருபதால பெருக்குங்க: 2,880 வெள்ளி. பென்ஷன் இல்லாத ஒரு பாட்டிக்கு அது சின்னக் காசா? அந்தக் காசை நிறுத்த வேண்டியது ஒரு பக்கக் கடிதம். ஒரே ஒரு பக்கம்!

இங்கதான் எனக்குக் கோபம் வருது. மஜ்லிஸ் மேல இல்ல. நம்ம மேல.

புது மதிப்புப் போடும்போது மஜ்லிஸ் உங்களுக்கு நோத்திஸ் அனுப்புது. பட்டியலைப் போய்ப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கு. பிடிக்கலேன்னா ஆட்சேபம், அதாவது பந்தாஹான், பண்ணவும் உரிமை இருக்கு. ஆனா அதை எழுத்துல குடுக்கணும். மறுபரிசீலனைக்குக் குறிச்ச நாளுக்குக் குறைஞ்சது 14 நாளைக்கு முன்னாடி குடுத்துடணும். கடைசித் தேதி எல்லாம் அந்தக் கடிதத்துலேயே இருக்கும். அப்புறம் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அந்த முடிவும் ஒத்துவரலேன்னா உயர் நீதிமன்றம் வரைக்கும் போகலாம்.

நாம என்ன பண்றோம்? கடிதத்தைப் பிரிக்கிறதில்ல. ஃபிப்ரவரியில பில்லு வந்து தொகையைப் பார்த்ததும் அலறுறோம். அதுக்குள்ள தேதி முடிஞ்சிருக்கும். அழுத பிள்ளைக்குத்தான் பால்னு சொல்லுவாங்க. மஜ்லிஸ்ல அழுதா பால் கிடைக்காது. எழுதணும்!

எழுதுறவங்களும் என்ன எழுதுறாங்க? "நான் ஏழை, வருமானம் இல்ல, வீட்டுக்காரர் தவறிட்டாரு." படிக்கிறப்பவே மனசு கனக்குது. ஆனா சட்டத்துல ஆட்சேபத்துக்குன்னு குறிச்சிருக்கிற காரணங்கள் வேற. மதிப்பு அதிகமா இருக்கு, இந்த இடத்துக்கு மதிப்பே போடக்கூடாது, சேர்த்துப் போட்டதைத் தனியாப் போடணும், இந்த மாதிரி. எல்லாமே மதிப்பைப் பத்தினது. உங்க கஷ்டம் அந்தப் பட்டியல்ல இல்ல. கஷ்டத்துக்குத் தனி வழி இருக்கு: முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சில மன்றங்கள் கழிவு குடுக்குது. அதுக்குத் தனியா விண்ணப்பம் போடணும். ரெண்டையும் ஒரே கடிதத்துல கலந்து எழுதினா ரெண்டும் கிடைக்காமப் போகும்.

ஆட்சேபக் கடிதம் எப்படி இருக்கணும்?

✅ மேல வீட்டு முகவரி, பில்லுல இருக்கிற கணக்கு எண்.
✅ "நீங்க போட்ட மதிப்பு இவ்வளவு. எங்க கணக்குப்படி இவ்வளவுதான் வரணும்" அப்படின்னு ஒரு எண். எண் இல்லாத ஆட்சேபம் வெறும் புலம்பல்.
✅ அதே வரிசையில, அதே மாதிரி வீடு என்ன வாடகைக்குப் போகுதுன்னு ஆதாரம். வாடகை ஒப்பந்தம் இருந்தா அதோட நகல்.
✅ அளவு தப்பா இருந்தா, நீங்க கட்டாத கூடுதல் அறையைக் கணக்குல சேர்த்திருந்தா, அதை எழுதுங்க.
✅ வெள்ளம் ஏறுற இடமா? சுவர் வெடிச்சிருக்கா? படம் எடுத்து இணைங்க.
✅ கவுண்டர்ல குடுத்துட்டு உங்க நகல்ல சாப் குத்தி வாங்குங்க. சாப் இல்லேன்னா நீங்க குடுத்ததுக்குச் சாட்சியே இல்ல.

விகிதத்தை, அதாவது அந்த 4, 5 விழுக்காட்டை, இந்தக் கடிதத்தால மாத்த முடியாது. அது கொள்கை முடிவு. அதுக்குச் சட்டமன்ற உறுப்பினரையும் மன்ற உறுப்பினரையும் பார்த்துப் பேசணும். பேசினா நடக்காதுன்னு நினைக்காதீங்க. கோலாலம்பூர்ல 2013 கடைசியில புது மதிப்பு நோத்திஸ் வந்தப்போ ஊரே கொந்தளிச்சுது. ஆனா அப்போ எல்லாரும் காப்பிக் கடையில மட்டும் கத்திட்டு இருக்கல. வரிசையில நின்னு ஆட்சேபக் கடிதம் குடுத்தாங்க. கடைசியில வீடுகளுக்கான விகிதத்தை 6-ல இருந்து 4 விழுக்காட்டுக்கு இறக்கினாங்க. சிலாங்கூர்லயும் 2025-க்குப் புது வரி வந்தப்போ, ஏத்தம் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாதுன்னு உச்சவரம்பு வெச்சாங்க. உங்க பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்துல வெச்சு, அந்த வரம்புக்குள்ள இருக்கான்னு எத்தனை பேர் பார்த்தீங்க? மனசைத் தொட்டுச் சொல்லுங்க.

இப்போ வாட்ஸ்அப் வீரர்களுக்கு ரெண்டு வார்த்தை.

"நம்மளை மட்டும் குறி வெச்சு ஏத்துறாங்க"ன்னு ஒரு செய்தி சுத்துது. அதே வரிசையில இருக்கிற பாக்சிக் வீட்டுக்கும் சீன அங்கிள் வீட்டுக்கும் என்ன மதிப்புப் போட்டிருக்காங்கன்னு பட்டியல்ல போய்ப் பார்த்துட்டு அப்புறம் அனுப்புங்க. வித்தியாசம் இருந்தா அதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது, கடிதத்துல எழுதுங்க. வித்தியாசம் இல்லேன்னா அந்தச் செய்தியை அழிச்சிடுங்க. சண்டைக்கும் ஆதாரம் வேணும்.

"யாரும் கட்டாதீங்க, எல்லாரும் சேர்ந்து நிறுத்தினா பயந்துடுவாங்க"ன்னு இன்னொரு செய்தி. இதை அனுப்புற ஆள் தன் பில்லைக் கட்டிட்டுத்தான் அனுப்புறாரு, எழுதி வெச்சுக்கோங்க. பாக்கி ஏறினா மன்றம் வாரண்ட் எடுத்து, வீட்டுல இருக்கிற சாமானைப் பறிமுதல் பண்ணலாம். அப்போ இந்த வீரர் வந்து உங்க டிவியைத் தூக்கிப் பிடிச்சு நிறுத்துவாரா? ஆட்சேபம் போட்டிருந்தாலும் வந்த பில்லைக் கட்டிட்டே சண்டை போடுங்க.

அடுத்தது, "நான் பார்த்துக்கிறேன், 300 வெள்ளி குடுங்க"ன்னு வர்ற ஆளுங்க. மன்றத்துல ஆட்சேபக் கடிதம் குடுக்க ஏஜெண்டு தேவையில்ல. வக்கீலும் கட்டாயமில்ல. உங்க வீட்டுல எஸ்.பி.எம். மலாய் பாடத்துல 'ஏ' வாங்கின பேரப்பிள்ளை இருக்கா? அந்தப் பிள்ளை போதும்.

இனி வரப்போறது எல்லாத்தையும் விட முக்கியம். தயவுசெய்து தாண்டிப் போகாதீங்க.

நம்ம தாமான்கள்ல எத்தனையோ வீடு இன்னும் தவறிப்போன தாத்தா பேர்லயே இருக்கு. "குடும்பத்துக்குள்ளதானே, அப்புறம் பார்த்துக்கலாம்"னு பத்து வருஷம், இருபது வருஷம். நில வரி பில்லு அவர் பேருக்கு, எந்தக் காலத்துலயோ குடுத்த பழைய முகவரிக்குப் போகுது. யாரும் கட்டல. தேசிய நிலச் சட்டத்தின்படி, நில வரி பாக்கி இருந்தா நில அலுவலகம் 6ஏ பாரத்துல நோத்திஸ் அனுப்பும். மூணு மாசம் அவகாசம். அதுக்குள்ள கட்டலேன்னா அந்த நிலத்தையே மாநில அரசுக்குப் பறிமுதல்னு அறிவிக்க நில அலுவலகத்துக்கு அதிகாரம் இருக்கு. சாமான் இல்ல. நிலம்! தாத்தா பால் வெட்டிச் சேர்த்த காசுல வாங்கின நிலம்.

வருஷத்துக்கு நூறு வெள்ளி கூட வராத ஒரு பில்லுக்காக ஒரு குடும்பம் தலைமுறைச் சொத்தை ஆபத்துல வெச்சிருக்குன்னா, அது ஏழ்மை இல்ல, யாரும் சொல்லித் தரல. அந்தக் குடும்பம் வருஷா வருஷம் நம்ம கோயிலுக்குப் பால்குடம் எடுத்துட்டு வருது. நாம ரசீது எழுதிக் குடுக்கிறோம். "ஐயா, வீட்டுக் கிராண்ட்டு இப்போ யார் பேர்ல இருக்கு?"ன்னு ஒரு தடவையாவது கேட்டோமா?

பேர் மாத்துற வேலை நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்ல. உயில் இல்லாத சிறு சொத்துன்னா நில அலுவலகத்துலயே விண்ணப்பம் போடலாம், வாரிசுகளைக் கூப்பிட்டு விசாரிச்சுப் பிரிச்சுக் குடுப்பாங்க. இறப்புச் சான்றிதழ், கிராண்ட்டு, வாரிசுகளோட அடையாள அட்டை நகல் எல்லாத்தையும் சேர்த்து வையுங்க. உடன்பிறப்புகள் உயிரோட, பேச்சுவார்த்தையில இருக்கும்போதே செய்யுங்க. அவங்களும் போயிட்டா அவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்கன்னு கையெழுத்து முப்பதாயிடும்.

நில அலுவலகத்துல மாத்தினா மஜ்லிஸ்ல தானா மாறும்னு நினைக்காதீங்க. அங்கயும் தனியா அறிவிக்கணும். வீட்டை வித்தவங்களும் மூணு மாசத்துக்குள்ள அறிவிக்கணும். இல்லேன்னா வித்த வீட்டுக்கு உங்க பேர்லயே பில்லு வந்துட்டு இருக்கும்.

சிலர் கேட்கலாம், "என்ன, மஜ்லிசுக்கு வக்காலத்தா?" இல்லங்க. தெருவிளக்கு எரியல, கால்வாயில தண்ணி ஓடல, குப்பை மூணு நாளா எடுக்கலன்னா நானும் சேர்ந்துதான் கேட்பேன். ஆனா கட்டுறவனுக்குத்தான் கேட்கிற குரல் இருக்கும். நியாயமான வரியைக் கட்டுறது தர்மம். தப்பா ஏறின வரியைக் கேள்வி கேட்கிறதும் தர்மம்தான். ரெண்டுல ஒண்ணை மட்டும் செய்றவன் பாதி வேலைதான் செய்றான்.

கோயிலுக்கே பாருங்க. வழிபாட்டுத் தலங்களுக்கு வீட்டு வரியில விலக்கு குடுக்கலாம்னு அதே சட்டத்துல இருக்கு. ஆனா "குடுக்கலாம்", அவ்வளவுதான். அது மாநில அரசோட விருப்பம். தானா வீடு தேடி வராது, கேட்டு வாங்கணும். கோயில் நிர்வாகம் கோயிலுக்காக எழுதிக் கேட்கும்போது அது அரசியல் இல்ல. பக்தர் தன் வீட்டுக்காக எழுதிக் கேட்கக் கத்துக் குடுத்தா மட்டும் அரசியலா? இந்த நியாயம் எனக்குப் புரியல.

அதனால நிர்வாகத்துல இருக்கிற பெரியவங்களுக்குப் பணிவான, ஆனா அழுத்தமான வேண்டுகோள்:

1️⃣ வருஷத்துக்கு மூணு ஞாயிறு. பிப்ரவரி, மே, ஆகஸ்ட். பூஜை முடிஞ்சு ரெண்டு மணி நேரம். தேவார வகுப்பு நடக்கிற அறை போதும். ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு நகல் எடுக்கிற மெஷின்.

2️⃣ மலாய் நல்லா எழுதத் தெரிஞ்ச இளைஞர்கள் நாலு பேர். பெரியவங்க கடிதத்தை எடுத்துட்டு வரட்டும், பிள்ளைங்க படிச்சுச் சொல்லட்டும், தேவைப்பட்டா பதில் எழுதிக் குடுக்கட்டும். காசு வாங்கக்கூடாது. அதுவும் சேவைதான். தண்ணிப் பந்தல்ல நிக்கிறதுக்கு இது குறைஞ்சதில்ல.

3️⃣ அறிவிப்புப் பலகையில திருவிழாத் தேதிக்குக் கீழ இந்த மூணு தேதியும் இருக்கணும்.

4️⃣ கட்சிக்காரங்க யாருக்கும் மேடை வேண்டாம். மாலையும் வேண்டாம். அப்போதான் இது அரசியல் ஆகாது.

ராஜகோபுரத்துக்கு வர்ணம் அடிக்க மாசக்கணக்குல கூட்டம் போடுறோம். நல்ல விஷயம், வேண்டாம்னு சொல்லல. ஆனா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுறவங்க தலைக்கு மேல ஒரு கூரை நிலைக்கணும். அதுக்காக வருஷத்துல ஆறு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

அன்பர்களுக்கு இன்னிக்கே ஒரு வேலை. பஞ்சாங்கத்துக்கு அடியில கிடக்கிற அந்தக் கடிதத்தை எடுங்க, பிரிங்க. மூணு விஷயம் பாருங்க: யார் பேர், என்ன மதிப்பு, என்ன தேதி. புரியலேன்னா அடுத்த ஞாயிறு கையில எடுத்துட்டு வாங்க. நிர்வாகம் மேசை போட்டாலும் சரி, போடலேன்னாலும் சரி, அன்னதானம் முடிஞ்சு செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல நான் உட்கார்ந்திருப்பேன். பேனா என்கிட்ட இருக்கு.

எல்லாரும் நல்லா இருக்கணும், அவங்கவங்க வீடு அவங்கவங்களுக்கே நிலைக்கணும். 🙏

இந்தப் பதிவைக் குடும்பக் குழுவுல பகிருங்க. திட்டுறவங்க திட்டலாம், ஆனா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

நற்பவி.